பட்டம் தப்பாத கோதுமை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது தமிழ்நாட்டு உழவர் வழக்கு. பயிர் எதுவாயினும் அதற்கென ஒரு பட்டம் உண்டு என்பதும், அப்பட்டம் தவறினால் உரமும் உழைப்பும் சேர்ந்தும் அதனை மீட்டுத் தர இயலாது என்பதும் இவ்வழக்கின் உட்பொருள். வட இந்தியச் சமவெளியில் கோதுமைக்குரிய பட்டம் நவம்பர் மாதத்தின் முற்பாதி, அதாவது ஐப்பசியின் பிற்பகுதி. பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் நெல்லும் அதனை அடுத்துக் கோதுமையுமாக ஒரே நிலத்தில் மாறி மாறி விளையும் பரப்பு ஏறத்தாழ ஒரு கோடி ஹெக்டேர். நம் நாட்டின் பொதுவிநியோகக் கிடங்குகள் நிரம்புவதும் நிரம்பாததும் பெரும்பாலும் இப்பரப்பைப் பொறுத்தனவே.

தட்பவெப்பம் மாறிவரும் காலத்தில் வேளாண்மையைக் காப்பது எங்ஙனம் என்னும் வினா எழும்பொழுது, புதிய விதை, புதிய உரம், புதிய இயந்திரம் என்றே பலரும் விடை தேடத் தொடங்குகின்றனர். அவை வேண்டாதன அல்ல. எனினும், கோதுமையைப் பொறுத்தவரை அவையனைத்திற்கும் முன்னே நிற்பது விதைக்கும் நாள். இது காசின்றிக் கிடைக்கும் பொருளாகத் தோன்றலாம். ஆயின் உழவனின் கைக்கு எளிதில் எட்டுவதன்று. கோதுமையை என்று விதைப்பது என்பதை, அதற்கு முன் அந்நிலத்தில் நின்ற நெல்லே முடிவு செய்கிறது. கோதுமையை வெப்பத்திலிருந்து காக்க விரும்புவோர் நெல் நாற்றங்காலிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2022-ஆம் ஆண்டு மார்ச்

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நாட்டின் சராசரி உச்ச வெப்பநிலை 33.1 பாகை செல்சியஸ். 1901-ஆம் ஆண்டிலிருந்து வைக்கப்பட்டுள்ள வானிலைப் பதிவுகளில் எந்த மார்ச் மாதத்திலும் அவ்வளவு வெப்பம் காணப்பட்டதில்லை. மழையும் வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெய்தது. கோதுமைக் கதிர்கள் பால் பிடித்து மணி திரளும் நாள்களில் இந்த வெப்பம் வந்தது என்பதே முக்கியமானது. அதே வெப்பம் ஒரு மாதம் கழித்து வந்திருப்பின் அறுவடைக்குக் காயும் கதிருக்கு அது நன்மையாகவே முடிந்திருக்கும்.

பிப்ரவரியில் மத்திய வேளாண் அமைச்சகம் கோதுமை விளைச்சலை 11.13 கோடி டன் என மதிப்பிட்டிருந்தது. இறுதிக் கணக்கு 10.77 கோடி டன்னாக முடிந்தது. நாடு முழுவதற்குமான சராசரி, இழப்பை மென்மையாக்கிக் காட்டுகிறது. பஞ்சாபில் முந்திய ஆண்டு ஹெக்டேருக்கு 48 குவிண்டாலுக்கு மேல் விளைந்த கோதுமை, 2022-இல் 42 குவிண்டால் அளவில் நின்றது. சந்தைக்கு வந்த மணிகளில் சூம்பியவை மிகுந்திருந்தமையால், அரசுக் கொள்முதலில் அத்தகைய மணிகளுக்கு அனுமதிக்கப்பட்டிருந்த 6 சதவிகித வரம்பு பஞ்சாப், ஹரியானா, சண்டிகர் பகுதிகளில் 18 சதவிகிதம் வரை தளர்த்தப்பட்டது. தனியார் விலை ஏற்றமும் சேர்ந்துகொள்ள, மத்தியத் தொகுப்புக்கான கொள்முதல் முந்திய ஆண்டின் 433 இலட்சம் டன்னிலிருந்து 188 இலட்சம் டன்னாகக் குறைந்தது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. இலவச உணவுதானியத் திட்டத்தில் சில மாநிலங்களுக்குக் கோதுமைக்குப் பதிலாக அரிசி ஒதுக்கப்பட்டது. மூன்று வார வெப்பம் ரேஷன் கடையின் தராசு வரை வந்து சேர்ந்த வழி இது.

அடுத்த ஆண்டு, 2023 பிப்ரவரியும் வரலாறு காணாத வெப்பத்துடன் கழிந்தது. ஆயின் மார்ச் மாதத்தில் மழை பெய்து காற்று குளிர்ந்தமையால் பயிர் பெரும்பாலும் தப்பியது. அங்கும் சில இடங்களில் மழையும் காற்றும் கதிரைச் சாய்த்தன என்பது வேறு.

மணிக்குள் நிகழ்வது

மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர்கள் இதனை இரு கூறாகப் பிரித்துக் கூறலாம். ஒன்று காலம், மற்றொன்று நொதி.

பயிர் தன் வயதை நாள்களால் எண்ணுவதில்லை. தான் பெற்ற வெப்பத்தின் கூட்டுத்தொகையால் எண்ணுகிறது. ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே சென்றால், ஒரு பருவம் முடிய வேண்டிய தொகை ஏறத்தாழ நிலையாக இருக்கக் காணலாம். கணக்கு எளிமையாக அமையும்பொருட்டு, மணி திரள்வதற்கு 700 பாகை-நாள்கள் தேவை எனக் கொள்வோம். நாளின் சராசரி வெப்பநிலை 20 பாகையாயின் அத்தொகை நிரம்ப 35 நாள்கள் ஆகும். 25 பாகையாயின் 28 நாள்களிலேயே நிரம்பிவிடும். ஏழு நாள் உணவு குறைந்த மணி எடை குறையாமல் இருப்பது எங்ஙனம்? செடி பச்சையாகவே இருந்தும் விளைச்சல் குன்றுவதன் முதற்காரணம் இதுவே. விரைந்து முதிர்ந்த பயிரைக் கண்டு, "இவ்வாண்டு அறுவடை முந்திவிட்டது" என்று மகிழும் உழவர் களத்தில் தூற்றும்பொழுதுதான் உண்மையை உணர்வார்.

இரண்டாவது, நொதிகளின் செயல். இலையில் கரியமில வாயுவைப் பற்றும் நொதியை இயக்குவதற்கு ஒரு துணை நொதி உண்டு. அது வெப்பத்தைத் தாங்காது. மணிக்குள் சர்க்கரையை மாவாகக் கட்டும் நொதியும் அத்தகையதே. வெப்பநிலை 30 பாகையைத் தாண்டிச் செல்லச் செல்ல இவ்விரண்டின் வேகமும் தளர்கிறது. இரவும் வெம்மையாக இருப்பின், பகலில் தேடிய மாவின் ஒரு பகுதி சுவாசத்தில் செலவழிந்துபோகிறது. பூக்கும் நாளிலேயே வெப்பம் மிகுந்தால் மகரந்தம் மலடாகி மணிகளின் எண்ணிக்கையே குறையும். பூத்தபின் மிகுந்தால் எண்ணிக்கை குறையாது, மணிகள் சூம்பும். இழப்பின் வகையைப் பார்த்தே வெப்பம் தாக்கிய நாளை ஓரளவு கணிக்கலாம் என்பதால் களப்பணியாளர்கள் கதிர் ஒன்றின் மணிகளை எண்ணுவதோடு, ஆயிரம் மணிகளின் எடையையும் குறித்துக்கொள்வது பயன் தரும்.

வட இந்தியாவின் ஒன்பது ஆண்டுக் கோதுமையைச் செயற்கைக்கோள் படங்கள் வாயிலாக ஆராய்ந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, 34 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் பயிரின் மூப்பை வெகுவாக விரைவுபடுத்துவதைக் காட்டியது. முப்பது கணித மாதிரிகளை ஒப்பிட்டு 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு, உலகச் சராசரி வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் உலகக் கோதுமை விளைச்சல் ஏறத்தாழ 6 சதவிகிதம் குறையும் எனக் கணக்கிட்டது.

விதைப்பு நாளின் சிறப்பு இப்பொழுது விளங்கும். நவம்பர் முதல் வாரத்தில் விதைத்த கோதுமை, மார்ச் இடைப்பகுதிக்குள் தன் மணியின் பெரும்பகுதியைத் திரட்டி முடித்துவிடும். டிசம்பரில் விதைத்த கோதுமைக்கு அப்பணி அப்பொழுதுதான் தொடங்கும். நவம்பர் மூன்றாம் வாரத்திற்குப் பின் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ ஒரு சதவிகிதம் குறைகிறது என்பது நெடுங்கால அனுபவம். மார்ச் மாத வெப்பம் முந்தி வரும் ஆண்டுகளில் இக்குறைவு இன்னும் கடுமையாகும்.

நெல் விட்டுச்செல்லும் நாள்கள்

இத்துணை தெளிவான உண்மையை அறிந்தும் உழவர் ஏன் தாமதிக்கின்றனர்? சோம்பல் என்று கூறுவோர் அந்நிலங்களை அக்டோபர் மாதத்தில் சென்று பார்த்தவர் அல்லர்.

பஞ்சாபில் நெல் மரபுப் பயிரன்று. பசுமைப் புரட்சிக்குப் பின் குழாய்க்கிணற்றின் துணையால் பரவியது. ஒருகாலத்தில் மே மாதத்திலேயே, அனல்காற்று வீசும் நாள்களில், நடவு தொடங்கிற்று. வயலில் நிறுத்திய நீர் பயிருக்குப் பயன்பட்டதினும் ஆவியாய்ப் போனதே மிகுதி. நிலத்தடி நீர் ஆண்டுதோறும் இறங்கியது. இதனைத் தடுக்க 2009-இல் பஞ்சாபும் ஹரியானாவும் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. பஞ்சாபில் ஜூன் 10-க்கு முன்னும் ஹரியானாவில் ஜூன் 15-க்கு முன்னும் நடவு செய்தல் தடை செய்யப்பட்டது. பருவமழைக்கு அருகே நடவைத் தள்ளியது நீரைப் பொறுத்தவரை நியாயமான ஏற்பாடே. 2018-இல் பஞ்சாபில் அந்நாள் ஜூன் 20 வரை சென்றது. பின்னர் மீண்டும் முன்னே இழுக்கப்பட்டு, 2025-இல் மண்டலவாரியாக ஜூன் 1 முதல் நடவு அனுமதிக்கப்பட்டது.

நடவு தள்ளியபொழுது அறுவடையும் தள்ளியது. கோதுமையின் பட்டமோ தள்ளவில்லை. இரண்டு பயிர்களுக்கிடையே உழவனுக்கு எஞ்சியது இரண்டு அல்லது மூன்று வாரமே. கம்பைன் அறுவடை இயந்திரம் சென்ற வயலில் நிமிர்ந்து நிற்கும் அரிதாளும், அதன்மீது வரிவரியாய்க் குவிந்து கிடக்கும் வைக்கோலுமாக ஹெக்டேருக்கு ஆறேழு டன் இருக்கும். அதனை அகற்றவும் வேண்டும், ஆறேழு சால் உழவும் வேண்டும், ஈரம் காயாமல் விதைக்கவும் வேண்டும். தீக்குச்சி ஒன்று இவ்வேலையை அரை நாளில் முடித்துத் தருகிறது. காற்று அடங்கிக் குளிர் தொடங்கும் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் எழுகின்ற அப்புகை மேலே கலைந்து செல்லாமல் தரையோடு தங்கி, தில்லி வரை மூச்சை அடைக்கிறது. நீரைக் காக்க வந்த சட்டம் தீயின் நாளை மாற்றியமைத்தது. ஒவ்வொன்றும் தன்னளவில் சரியான இரண்டு ஏற்பாடுகள் ஒரே நாள்காட்டியில் மோதிக்கொண்டதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நம் வேளாண் வரலாற்றில் அரிது.

ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 5.5 கிலோ தழைச்சத்தும், 2.3 கிலோ மணிச்சத்தும், 25 கிலோ சாம்பல்சத்தும் உள்ளன. எரிக்கும்பொழுது தழைச்சத்து அநேகமாக முழுவதும் காற்றோடு போகிறது; மண்ணுக்குச் சேர வேண்டிய கரிமப்பொருளும் போகிறது. இக்கணக்கை உழவர் அறியாதவர் அல்லர். அவருக்குக் குறைவாயிருப்பது அறிவன்று, நாள்.

நாளை மீட்கும் வழிகள்

முதலாவது, நெல்லின் வயதைக் குறைத்தல். பஞ்சாபில் நெடுங்காலம் கோலோச்சிய பூசா 44 என்னும் நெல், விதைத்து அறுப்பதற்கு ஏறத்தாழ 160 நாள் எடுத்துக்கொள்ளும். லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பி.ஆர். 126 என்னும் இரகம் ஏறத்தாழ 123 நாளில் முதிர்கிறது. ஐந்து வாரம் மிச்சம். பாசனமும் அந்த அளவு குறைவு. பூசா 44 சற்றுக் கூடுதலாக விளையும் என்பதால் உழவர் அதனை எளிதில் விடவில்லை. 2023-இல் மாநில அரசு அதன் சாகுபடிக்குத் தடை அறிவித்தது. 2024-இல் பி.ஆர். 126 நெல்லிலிருந்து குவிண்டாலுக்கு 67 கிலோ அரிசி என்னும் அரசு அளவு கிடைப்பதில்லை என ஆலைக்காரர் முறையிட்டனர். அப்பெயரில் ஒட்டு நெல் இரகங்கள் கலந்துவிட்டதே காரணம் என்னும் மறுமொழியும் எழுந்தது. புதிய இரகம் ஒன்று வயலில் வென்றால் மட்டும் போதாது, ஆலையிலும் சந்தையிலும் வெல்ல வேண்டும் என்பதை விரிவாக்க ஊழியர்கள் நினைவில் கொள்வாராக.

இரண்டாவது, நாற்று நடாமல் நேரடியாக விதைத்தல். இம்முறையில் சேற்றுழவு இல்லை. பாசன நீர் கணிசமாக மிச்சமாகிறது. நாற்றுப் பறித்து நடும் அதிர்ச்சி இல்லாமையால் பயிர் ஒரு வாரம் முந்தி முதிர்கிறது. சேறாக்கி இறுகாத மண் அடுத்து வரும் கோதுமை வேருக்கும் நல்லது. 2022 முதல் பஞ்சாப் அரசு இதற்கு ஏக்கருக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகை அளித்துவருகிறது. ஆயினும் இம்முறை மணற்பாங்கான நிலத்திற்கு ஏற்றதன்று. அங்கே இரும்புச்சத்துக் குறைந்து இளம்பயிர் வெளுக்கும். களையும் பெருந்தொல்லை. தேங்கிய நீர் செய்துவந்த களையடக்கும் வேலையை இங்கே மனிதனே செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, உழவையே தவிர்த்தல். இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

உழாமல் கோதுமை விதைக்கும் முறை நம் நாட்டில் வேரூன்றியது தட்பவெப்பத்தைக் கருதி அன்று, ஒரு களையால். கோதுமையைப் போன்றே தோற்றமுள்ள ஃபலாரிஸ் மைனர் என்னும் புல், வட்டார வழக்கில் குல்லி டண்டா, 1990-களின் தொடக்கத்தில் ஹரியானாவில் ஐசோப்ரோட்யூரான் என்னும் களைக்கொல்லிக்கு அடங்காததாயிற்று. பயிரைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்ட உழவர்களும் உண்டு. மண்ணைக் கிளறாமல் முந்தி விதைத்தால் இக்களை குறைவாக முளைப்பது கண்டறியப்பட்டது. பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், நியூசிலாந்திலிருந்து வந்த தலைகீழ் 'டி' வடிவக் கொழுமுனையைத் தழுவி நம் டிராக்டருக்கு ஏற்ற விதைப்புக் கருவி உருவாயிற்று. உழவுச் செலவு மிஞ்சியதால் உழவர் அதனை ஏற்றனர்.

ஆயின் வைக்கோல் பரவிக்கிடக்கும் வயலில் இக்கருவி செல்லாது. கொழுமுனைகளில் வைக்கோல் சிக்கிச் சுருண்டுகொள்ளும். எனவே உழாமல் விதைப்போரும் முதலில் எரித்தே வந்தனர்! இச்சிக்கலை அவிழ்த்தது, 2000-களில் லூதியானாவில் ஆஸ்திரேலிய அறிவியலாளர் ஒத்துழைப்புடன் உருவான 'ஹாப்பி சீடர்' என்னும் கருவி. ஒவ்வொரு கொழுமுனைக்கும் முன்னே சுழலும் தகடுகள் வைக்கோலை வெட்டி ஒதுக்க, அக்கணமே விதையும் உரமும் பிளவில் விழ, ஒதுங்கிய வைக்கோல் வரிசைகளுக்கிடையே போர்வையாகப் படிகிறது. அறுத்த மறுநாளே விதைக்கலாம். இரண்டு மூன்று வார வேலை ஒரு நாளில் அடங்குகிறது.

அப்போர்வை பின்னும் பணிபுரிகிறது. மண்ணின் ஈரம் ஆவியாதலைக் குறைக்கிறது, களையை அடக்குகிறது, மார்ச் மாத வெயிலில் மண் விரைந்து சூடேறாமல் காக்கிறது. வைக்கோல் மட்கும்பொழுது நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்னும் அச்சம், வைக்கோலை மண்ணில் புதைக்கும் முறைக்குப் பொருந்தும். மேற்பரப்பில் கிடக்கும் வைக்கோல் மெல்லவே மட்குவதால் இங்கு அவ்வளவு இடர் இல்லை. யூரியாவை மட்டும் வைக்கோலின்மீது தூவிவிட்டு வாளாவிருத்தல் கூடாது. பாசனத்திற்குச் சற்று முன் இட்டால் நீரோடு மண்ணுக்குள் இறங்கும், அன்றேல் அம்மோனியாவாய்ப் பறந்துபோகும்.

கருவியை வாங்குவது எளிது. பயன்படுத்துவதில்தான் பல நுணுக்கங்கள் உள்ளன. நெல்லுக்கு நீர் நிறுத்துவது அறுவடைக்கு இரு வாரம் முன்னரே நிகழவேண்டும். இன்றேல் கம்பைன் சக்கரத் தடங்கள் பள்ளமாகி விதை ஆழம் ஒன்றுபோல் அமையாது. கம்பைனின் பின்புறம் வைக்கோலை நறுக்கிப் பரப்பும் இணைப்பு இருத்தல் வேண்டும். குவியலின் கீழ் விழுந்த விதை முளைத்து வெளிவருவதில்லை. பனி காயும்முன் காலையில் ஓட்டினால் ஈர வைக்கோல் அடைத்துக்கொள்ளும். 45 குதிரைத்திறனுக்குக் குறைந்த டிராக்டர் இழுக்காது; சிறு உழவரிடம் அது இராது. ஆதலின் கூட்டுறவுச் சங்கத்திலும் வாடகை நிலையத்திலும் இக்கருவி இருப்பதே அவருக்குப் பயன். 2018-19 முதல் நடைபெறும் மத்திய அரசுத் திட்டத்தில் தனியாருக்கு 50 சதவிகிதமும் இத்தகைய குழுக்களுக்கு 80 சதவிகிதமும் மானியம் வகுக்கப்பட்டது இதனாலேயே. எலித் தொல்லையும், அண்மைக்காலத்தில் இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பானின் தாக்குதலும் வைக்கோல் போர்த்திய வயல்களில் சில இடங்களில் காணப்பட்டுள்ளன. ஒரு வயலில் இத்தொல்லையைக் கண்ட உழவர் மறு ஆண்டு தீக்குச்சிக்குத் திரும்புவது இயல்பு. அவ்வயலுக்கு ஊழியர் முதல் ஆண்டினும் இரண்டாம் ஆண்டில் அடிக்கடி செல்ல வேண்டும்.

முந்துவதற்கும் எல்லை உண்டு

நாள் கிடைத்துவிட்டதென்று அக்டோபர் முதல் வாரத்திலேயே வழக்கமான இரகத்தை விதைத்தால் வேறு தீங்கு விளையும். இளம்பயிர் வெம்மையில் விரைந்து வளர்ந்து, போதிய தூர் கட்டாமலே கதிர் வாங்கி, சனவரியின் கடுங்குளிரில் பூத்து மலடாகும். முந்தி விதைப்பதற்கு, குளிரைச் சிறிது காலம் பெற்ற பின்னரே கதிர் வாங்கும் இயல்புடைய நீண்டகால இரகங்கள் வேண்டும். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் எச்.டி. 3385 இக்கருத்துடன் வளர்க்கப்பட்டது. கர்னாலிலுள்ள கோதுமை-பார்லி ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.டபிள்யூ. 187, டி.பி.டபிள்யூ. 303 ஆகியனவும் முந்திய விதைப்புக்குப் பரிந்துரைக்கப்பட்டவை. மறுபுறம், டிசம்பரில் விதைக்க நேர்ந்தவர் இவற்றைத் தேடிச் செல்லுதல் வீண், அவர்க்கு எச்.டி. 3059 போன்ற குறுகிய வயதுடையனவே ஏற்றவை.

கிழக்கே மாறுபட்ட மருந்து

கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கோதுமை தாமதமாவது இதே அளவு உண்மை, காரணமோ நேர்மாறானது. அங்கே சட்டம் எதுவும் நடவைத் தடுப்பதில்லை. உழவர் மழைக்குக் காத்திருக்கிறார். மழை பிந்தினால் நாற்றங்கால் பிந்துகிறது. நடவு சூலைக் கடைசிக்கும் ஆகஸ்டுக்கும் செல்கிறது. ஸ்வர்ணா போன்ற ஐந்து மாத இரகம் நட்டால் அறுவடை நவம்பரின் பிற்பகுதி. தாழ்ந்த வயலில் ஈரம் காய்ந்து கோதுமை விதைக்கும்பொழுது டிசம்பர் பாதி கடந்துவிடும். மார்ச் மாதத்தில் வீசும் வறண்ட மேற்குக்காற்று அப்பயிரைப் பால் பருவத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

இங்கே நிலத்தடி நீர் பல மாவட்டங்களில் ஆழமன்று. பஞ்சாபில் ஆண்டுதோறும் ஊறும் நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் இறைக்கப்படுகிறது; இங்கோ, இறைக்க எண்ணெய்ச் செலவு தடையாக நிற்கிறது. எனவே அங்கே "மழை வரும்வரை நடாதே" என்பது சரியான அறிவுரையாயின், இங்கே "மழைக்குக் காத்திராமல் ஒன்றிரண்டு பாசனம் கொடுத்து நாற்றுவிடு" என்பதே சரி. நாற்றங்காலைப் பல உழவர் கூட்டாக ஒரே இடத்தில் அமைத்தால் எண்ணெய்ச் செலவு பங்காகும். கிழக்கிந்தியாவின் நெல்-கோதுமை முறையை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வும் நெல்லைக் குறித்த காலத்தில் நடுவதே இரு பயிரின் விளைச்சலுக்கும் வெப்பம் தாங்கும் ஆற்றலுக்கும் திறவுகோல் எனக் கண்டது. வடமேற்கில் கற்ற பாடத்தை அப்படியே பீகாரில் ஒப்புவிக்கும் பிரசுரங்கள் சில நம் பார்வைக்கு வந்துள்ளன. அவை உழவரைக் குழப்பவே செய்யும்.

மார்ச் வந்தபின்

முன்னேற்பாடு தவறிய வயலுக்குச் செய்யக்கூடியது சிறிதே. மணி திரளும்பொழுது வெப்பம் ஏறுமாயின், காற்று அடங்கிய வேளையில் இலேசான பாசனம் கொடுக்கலாம். பயிரின் மேற்பரப்பு சில பாகை குளிரும். காற்றடிக்கும்பொழுது நீர் பாய்ச்சினால் இளகிய மண்ணில் பயிர் சாய்ந்துவிடும். பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2 சதவிகிதப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலை, அதாவது ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் 4 கிலோ கலந்து, கதிர் தொண்டையில் இருக்கும்பொழுது ஒருமுறையும் பூக்கும்பொழுது மறுமுறையும் தெளிக்கப் பரிந்துரைக்கிறது. இது இழப்பைக் குறைக்கும், நீக்காது.

களப்பணியாளர்கள் தம் வட்டத்தில் சில வயல்களையேனும் தேர்ந்து, நாற்றுவிட்ட நாள், நட்ட நாள், நெல் அறுத்த நாள், கோதுமை விதைத்த நாள், கதிர் வந்த நாள் ஆகிய ஐந்தையும் ஒரே ஏட்டில் தொடர்ந்து குறித்துவருவது நன்று. நெல்லுக்கு ஓர் ஏடும் கோதுமைக்கு மற்றோர் ஏடுமாகக் குறிக்கும் இன்றைய வழக்கில் இரு பயிருக்கும் இடையே கழியும் நாள்கள் எந்த ஏட்டிலும் இடம்பெறுவதில்லை. ஆசிரியர்கள், அருகிலுள்ள வானிலைப் பதிவிலிருந்து கதிர் வந்த நாள் முதல் அறுவடை நாள் வரையிலான சராசரி வெப்பநிலையை மாணவரைக் கொண்டு கூட்டச் செய்து, பட்டத்தில் விதைத்த வயலையும் பிந்தி விதைத்த வயலையும் ஒப்பிடலாம். கோதுமை விளையாத மாவட்டங்களில் இதே பயிற்சியை நெல்லிலோ நிலக்கடலையிலோ செய்வதற்குத் தடையில்லை. கூட்டுத்தொகை வேறாகும், கணக்கு முறை அதுவே.